இரண்டாம் பருவ நிறைவு: 8, 9ஆம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவத் தேர்வு ஒருவழியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். ஓவியத்தில் பரிசு வந்தது, அறிவியல் கண்காட்சியும் குறையில்லாமல் நடந்தது. மழையில் பஸ் வராத நாட்களில் நடந்தே வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குத் தனிப் பாராட்டு. உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. ஜனவரி முழுக்க ஸ்வெட்டர் என்ன கலர் என்று கேட்க மாட்டோம், சூடாக இருப்பதைப் போட்டு அனுப்புங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் 8, 9ஆம் வகுப்புகளில் பிள்ளைகளை டீம்களாகப் பிரித்து உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறோமே, அதைப் பற்றித்தான்.

கடந்த 3 வாரங்களில் உங்களில் 11 பேர் என்னை நேரிலோ போனிலோ பிடித்து ஒரே கோரிக்கையைச் சொன்னீர்கள்: “சார், எங்க பிள்ளையை வேற டீமுக்கு மாத்திடுங்க.” இன்னும் சிலர், “டீச்சர் பாடமே நடத்துறதில்லையாமே?” என்று கேட்டீர்கள். ஒரு தாத்தா வாசலிலேயே நிறுத்தி, “பள்ளிக்கூடத்துல லாட்டரிச் சீட்டு சுரண்டச் சொல்றீங்களா?” என்றார். அவர் பதறியதில் தப்பில்லை. தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்ததே 2003-இல்தான். அதில் பணம் விட்ட குடும்பங்களை அவர் பார்த்திருப்பார்.

அந்தச் சீட்டு என்ன என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் முந்தின நாளே பாடத்தில் சில பக்கங்களை வீட்டில் படித்து வர வேண்டும். வகுப்பில் முதலில் 10 கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் தனியாக விடை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அதே 10 கேள்விகளை டீமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்து, சீட்டில் ஒரு கட்டத்தைச் சுரண்டுவார்கள். சரியான விடையின் அடியில் நட்சத்திரம் இருக்கும். இல்லாவிட்டால் மறுபடி பேசி இன்னொன்றைச் சுரண்டலாம், மதிப்பெண் மட்டும் குறையும். அட்டையில் மெழுகு தேய்த்து அதன்மேல் பெயின்ட் பூசி நம் ஆசிரியர்களே செய்தது அது. கேள்வியே தப்பு என்று நினைக்கும் டீம், பக்க எண்ணோடு மேல்முறையீடு எழுதித் தரலாம். 9ஆம் வகுப்பில் ஒரு டீம் அப்படி எழுதி, ஆசிரியரை ஒப்புக்கொள்ள வைத்து, மதிப்பெண்ணை வாங்கிவிட்டது. இதெல்லாம் ஆன பிறகு, பிள்ளைகள் எங்கே தடுமாறினார்களோ அந்தப் பகுதியை ஆசிரியர் நடத்துகிறார். தெரிந்ததைத் திரும்ப நடத்துவதில்லை, அவ்வளவுதான்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1970களின் கடைசியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் லாரி மைக்கேல்சன் என்ற பேராசிரியரின் வகுப்பு 40 பேரிலிருந்து 120 பேராகப் பெருகியபோது அவர் உருவாக்கிய முறை. இன்று பல நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் இப்படித்தான் வகுப்பு நடக்கிறது. நம் ஆசிரியர்களும் இதற்காக இரண்டு சனிக்கிழமைகள் பயிற்சி எடுத்தார்கள். பயிற்சி என்றால் சொற்பொழிவு கேட்பதில்லை. மாணவர்களைப் போல டீமாக உட்கார்ந்து நாங்களே டெஸ்ட் எழுதினோம். தனியாக எழுதியதில் எனக்கு 10-க்கு 6. எங்கள் டீமுக்கு 9. அந்த மூன்று மதிப்பெண்ணை வாங்கிக் கொடுத்தவர் போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த டீச்சர். எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது சுரண்டுவதோ கேள்வி தயாரிப்பதோ அல்ல, பிள்ளைகள் பேசும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது. இருபது வருஷப் பழக்கம் லேசில் போவதில்லை.

டீம்களை ஆசிரியர்தான் பிரிக்கிறார். ஒரு டீமில் 5 முதல் 7 பேர், வருஷம் முழுக்க அதே ஆட்கள். நண்பர்களை ஒன்றாகப் போட்டால் அரட்டை, நன்றாகப் படிப்பவர்களை ஒன்றாகப் போட்டால் மற்ற டீம்கள் நொண்டும். முன்பின் பழகாதவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் நம்பவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் ஒருவரை மாற்றினால் இரண்டு டீம்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். “மத்தவங்களால என் பிள்ளைக்கு மார்க் குறையுது” என்ற கவலைக்கும் பதில் உண்டு. தனியாக எழுதிய மதிப்பெண் அவரவருக்கே. டீமில் உழைக்காதவர் யார் என்பதைப் பிள்ளைகளே பருவ முடிவில் எழுதித் தருகிறார்கள், அதுவும் வளரறி மதிப்பெண்ணில், அதாவது பருவத் தேர்வு தவிர வகுப்பு வேலைகளுக்குத் தரும் மதிப்பெண்ணில், சேர்கிறது.

வந்த 11 பேரில் மூன்று பேர் சொன்ன காரணம் வேறு. பக்கத்தில் உட்காரும் பிள்ளை எந்த லயத்திலிருந்து (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வருகிறது, எந்த ஊர், என்ன ஆட்கள் என்பது பற்றியது. நேரடியாகவே சொல்கிறேன்: அந்தக் காரணத்துக்காக ஒரு பெஞ்சைக்கூட நகர்த்த மாட்டேன். தயவுசெய்து இன்னொரு முறை அதைக் கேட்டுக்கொண்டு என் அறைக்கு வர வேண்டாம்.

நவம்பரில் 8ஆம் வகுப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு மலைச்சரிவின் படம், அதில் நான்கு இடங்கள்; எங்கே வீடு கட்டலாம் என்பது கேள்வி. எல்லா டீமும் ஒரே நேரத்தில் எழுத்து அட்டையைத் தூக்க வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவைப் பார்த்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் என்பதால் சத்தம் பலமாகத்தான் இருந்தது. ஐந்து டீம்கள் ‘ஆ’ தூக்கின, ஒன்று மட்டும் ‘ஈ’. காரணம் சொல்ல எழுந்தது, ஜூனிலிருந்து வாயே திறக்காத ஒரு பெண். “‘ஆ’ல சில்வர் ஓக் எல்லாம் சாஞ்சிருக்கு சார், அடியில மண்ணு நகருது. எங்க லயத்துக்குப் பின்னாடியும் இப்படித்தான் இருந்துச்சு.” அதன் பிறகுதான் மற்றவர்கள் படத்திலிருந்த மரங்களைப் பார்த்தார்கள். நானும்தான்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. ஜூன் கூட்டத்தில் இதை ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டேன், பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். டீமுக்குள் யாராவது உங்கள் பிள்ளையைக் கேலி செய்தாலோ மிரட்டினாலோ அது வேறு விஷயம், உடனே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரவு அந்தச் சில பக்கங்களைப் படித்தாயிற்றா என்று கேளுங்கள். விடைகளை நீங்களே சொல்லிக் கொடுத்து அனுப்ப வேண்டாம், டீமில் ‘ஏன்’ என்று கேட்டதும் பிள்ளை முழிக்கிறது.

பச்சைத் தேயிலை விலை இருக்கிற நிலையிலும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்தவர்களுக்கு நன்றி. பிள்ளைமேல் அக்கறை இல்லாதவர் அப்படி வர மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு உங்களுக்கும் ஒரு வகுப்பு வைத்திருக்கிறோம். 10 கேள்வி, சுரண்டல் சீட்டு, சுக்குக் காப்பி. 5 மணி மினி பஸ்ஸுக்குள் முடித்துவிடுவோம். தாத்தா பாட்டிகளும் வரலாம். டீமை மட்டும் நாங்கள்தான் பிரிப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்