கேப்ஸ்யூல் டப்பாவைப் பற்றிக் கேட்டாயே

தண்டையார்பேட்டை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். மருந்துக் கடையும் பழுதில்லாமல் ஓடுகிறது. மெட்ரோ வேலை முடிந்த பிறகுதான் டி.எச். ரோடு மூச்சு விடுகிறது. இப்போது திருவொற்றியூர் தேரடி வரைக்கும் ரயிலிலேயே போகலாம், நீ இன்னும் பார்க்கவில்லை. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பையன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய இரண்டு டப்பாக்களைச் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தாய், போட்டோவையும் பார்த்தேன். ஒன்று என்எம்என், இன்னொன்று ரெஸ்வெரட்ரால். முதுமையைத் தள்ளிப்போடும் நொதியை (என்சைமை) இவை தூண்டிவிடும் என்று அவன் சொல்கிறான். அந்த நொதிக்குப் பெயர் சர்டுவின். அது வேலை செய்ய என்ஏடி என்ற மூலக்கூறு வேண்டும். வயது ஏற ஏற என்ஏடி குறைகிறது. சிடி38 என்கிற வேறொரு நொதி வயதோடு பெருகி அதைச் சிதைக்கிறது என்று 2016-ல் எலிகளில் காட்டினார்கள். என்எம்என் உடம்பில் என்ஏடியாக மாறும், அதைச் சாப்பிட்டால் ரத்தத்தில் என்ஏடி கூடுவது உண்மைதான். ஆனால் சிடி38 அப்படியே இருக்க, மேலே மேலே ஊற்றுவது ஓட்டை டிரம்மில் லாரித் தண்ணீர் பிடிப்பது போலத்தான். இதில் இன்னொரு கூத்து: சர்டுவின் வேலை செய்யும்போது நிகோடினமைடு என்ற பொருள் வெளியே வருகிறது, அந்த நிகோடினமைடே சர்டுவினை அடக்குகிறது. பிரேக் உள்ளேயே இருக்கிறது. என்எம்என் சாப்பிட்டு மனித ஆயுள் கூடியதாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ராலின் கதை இன்னும் மோசம். 2003-ல் ஈஸ்டில் ஆயுளைக் கூட்டுகிறது என்று பெரிய பரபரப்பு. இரண்டே வருடத்தில், சோதனையில் சேர்த்த ஒளிரும் சாயத்தால்தான் சர்டுவின் தூண்டப்பட்டதுபோலத் தெரிந்தது என்று வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்குப் பிறகும் 2008-ல் கிளாக்ஸோ மருந்து நிறுவனம் 72 கோடி டாலர் கொடுத்து, இந்த ஆராய்ச்சியை வைத்துத் தொடங்கிய சர்ட்ரிஸ் என்ற கம்பெனியை வாங்கியது. 2013-ல் அதன் அலுவலகத்தை மூடியது.

வேடிக்கை என்னவென்றால், நொதியை அடக்கும் நல்ல மாத்திரை ஒன்றை நீ தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாய். இரவில் போடுகிறாயே அட்டோர்வாஸ்டாட்டின், அதுதான். கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியின் முக்கியக் கட்டத்தை நடத்தும் நொதியின் இடத்தில் போய் உட்கார்ந்து வழி மறிக்கிறது. இந்த வகை மருந்தை 1970-களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார். உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் சும்மா இருக்காது. பற்றாக்குறையை உணர்ந்து, அந்த நொதியையே இன்னும் அதிகமாகச் செய்கிறது. கூடவே எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடிக்கும் ஏற்பிகளையும் தன் மேல் கூட்டிக்கொள்கிறது. அந்த ஏற்பிகள் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்வதால்தான் ரிப்போர்ட்டில் எண் இறங்குகிறது. அதாவது மருந்தின் பலனில் பெரும்பங்கு, நொதியை மறித்ததற்கு உடம்பு கொடுக்கும் பதிலில் இருக்கிறது. எந்த நொதியை யார் அடக்கச் சொன்னாலும் நான் இப்போது கேட்பது இதைத்தான்: உடம்பு என்ன பதில் சொல்லும்?

போன வாரம் ஒரு பையன் கடைக்கு வந்தான். ஜிம் உடம்பு, கையில் புரோட்டீன் பவுடர் டப்பா. கவுண்டரில் போனை வைத்து, "அண்ணே, இது இருக்கா?" என்றான். பார்த்தால் சிரோலிமஸ், அதாவது ராபமைசின். ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு, உடம்பு புது உறுப்பை ஒதுக்காமல் இருக்கக் கொடுப்பது. எம்டார் என்ற நொதியை அடக்கும். 2009-ல், 600 நாள் வயதான எலிகளுக்குக் கொடுத்தும் ஆயுள் கூடியது, பெண் எலிகளில் 14 சதவீதம், ஆணில் 9. அதைத்தான் எங்கேயோ வீடியோவில் பார்த்திருக்கிறான். எலிகளில் அந்த முடிவு நிஜம், நான் மறுக்கவில்லை. ஆனால் எடை தூக்கும்போதும் புரோட்டீன் சாப்பிடும்போதும் தசையைக் கட்டுவதற்கு இதே எம்டார்தான் முடுக்கிவிடப்படுகிறது. காலையில் பவுடரால் அதை எழுப்பிவிட்டு ராத்திரி மாத்திரையால் தூங்க வைக்கப் பார்க்கிறான்! வாய்ப்புண், கொழுப்பு ஏறுவது, தொற்று என்று பக்கவிளைவுகளைச் சொன்னேன். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றதும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

உன் மெட்ஃபார்மினும் இந்தக் குடும்பக் கதையில் சேர்ந்ததுதான். செல்லின் சக்தி உற்பத்தியைக் கொஞ்சம் தடுக்கும்; சக்தி குறைந்ததாகக் கண்டு ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்ளும்; அது எம்டாரை அடக்கும். கல்லீரல் சர்க்கரை உற்பத்தியையும் குறைத்துக்கொள்ளும். ஆயுளுக்கும் நல்லது என்று சிலர் சொல்கிறார்கள், அது இன்னும் முடிவாகவில்லை. நீ அதைச் சர்க்கரைக்காகச் சாப்பிடு, போதும். வருஷக்கணக்காகச் சாப்பிடுவதால் பி12 ஒருமுறை பார்த்துவிடு, அது குறையக்கூடும்.

ஏஎம்பிகேயை எழுப்ப நடையும் போதும். சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. மெட்ஃபார்மின் நோய் வருவதை 31 சதவீதம் குறைத்தது. சாப்பாடு, நடை, எடைக் குறைப்பு 58 சதவீதம் குறைத்தது. நம் வயதில் தசை வேறு கரைகிறது. அதனால் காலை நடையோடு கொஞ்சம் எடையும் தூக்கு, முட்டி டாக்டரிடம் கேட்டுவிட்டு.

டப்பாக்களைத் திறக்காதே. பையன் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்பது உன் பாடு, அவன் பாசத்தில் குறை இல்லை. அடுத்த ரிப்போர்ட் வந்ததும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எண்ணோடு எனக்கு அனுப்பு. அப்புறம், தை மாதம் மூர்த்தி மகளுக்கு ராயபுரத்தில் கல்யாணம். லாட்ஜ் எல்லாம் எடுக்காதே, நம் வீட்டிலேயே தங்கலாம்.

அன்புடன்,
முருகேசன்