ஏலக்கூடத்துச் சாவியைக் கொடுங்கள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்க் கமிட்டிப் பெரியவர்களுக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேர் எனக்கு மாமா முறை, மீதிப் பேர் சித்தப்பா, பெரியப்பா. கூட்டத்தில் பொம்பளைப் பிள்ளைகள் எழுந்து பேசுவது நம் பக்கம் வழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன். ஊர்ப் பெயரைப் போடவில்லை. இந்தப் பக்கம் வாலிநோக்கம், அந்தப் பக்கம் தொண்டி, யார் படித்தாலும் தங்கள் ஊர் சங்கதி என்றுதான் நினைப்பார்கள்.

புது இறங்குதளம் வந்ததிலிருந்து பழைய மீன் ஏலக்கூடம் சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, நானும் இன்னும் மூன்று பேரும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகளை உட்கார வைத்தோம். கவிச்சி போக பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கவே நாலு நாள் ஆனது. முதல் வாரம் ஏழு பேர் வந்தார்கள், பொங்கலுக்குள் முப்பத்தொன்று. படிக்க வந்த பையன்கள்தான் ஊரணிக் கரையில் மண்டிக்கிடந்த சீமைக் கருவேலத்தை வெட்டினார்கள். கரையில் ஒதுங்கிய அறுந்த வலைகளை மூட்டை மூட்டையாக அள்ளியதும் அவர்கள்தான். யாரும் ஏவவில்லை. சேர்ந்து உட்கார ஓர் இடம் கிடைத்ததும் ஊர் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

ஆடியில் பந்தல் சாமான் வைக்க வேண்டுமென்று கூடத்தைப் பூட்டினீர்கள். திருவிழா முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது, பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது. சீரியல் பல்புகளுக்காவது ஒரு கூரை கிடைத்ததே.

அந்தக் கூடத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. தண்ணீரிலும் மணலிலும் ஓடும் அவர்களுடைய ஹோவர்கிராஃப்ட் இரைச்சல் கேட்டால் நம் பிள்ளைகள் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓடுவார்கள். அந்தப் படையில் நாவிக் பொதுப்பணிக்கு, அதாவது மாலுமி வேலைக்குச் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் எடுத்துத் தேறியிருக்க வேண்டும். மீனவர் பிள்ளைகளுக்கென்று தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சியும் கொடுக்கிறது. ஆனால் நம் பையன்களில் பலர் அந்த வாசல்வரை போவதே இல்லை. அவர்கள் கதை ஒன்பதாம் வகுப்பிலேயே முடிந்துவிடுகிறது. கணக்கு புரியாமல் பத்து நாள் மட்டம் போடுகிறான். பதினோராம் நாள் ஒரு மாமா நண்டு வலை தட்டக் கூப்பிடுகிறார். அன்று சாயங்காலம் கையில் காசு. காசு பார்த்தவன் மறுபடி பள்ளிக்கூடம் போவது குதிரைக்கொம்பு. மாமாவைக் குறை சொல்லவில்லை, அவரும் அப்படித்தான் கடலுக்குப் போனார். அந்தப் பத்து நாளில் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். நாங்கள் செய்தது அது மட்டும்தான்.

2018-இல் மத்திய அரசு நம் மாவட்டத்தை முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. அதிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த பயிற்சி முகாம்களுக்குக் குறைவில்லை. மூன்று நாள் வகுப்பு, ஒரு பை, ஒரு சான்றிதழ், பேனருக்கு முன்னால் ஒரு போட்டோ. நாலாம் நாள் கேட்க ஆளில்லை. வெளியாட்கள் போய்த்தான் ஆவார்கள். ஊரில் இருப்பது நாம்தான்.

நம் கையாலேயே முடியும் என்பதற்குத் தூரமாகப் போக வேண்டாம். பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி பேசிக்கொண்டிருக்கிறது, மைக்கில் இருப்பது நம் ஜனம். காரங்காட்டில் வனத்துறை அலையாத்திக் காட்டுக்குள் விடும் படகுச் சவாரியில் ஊர்க்காரர்களுக்கும் வேலை இருக்கிறது.

இன்னொன்று. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது என்று கரையே பட்டறையாகிவிடும். அதே சமயம் பள்ளிக்கூடத்துக்கும் லீவு. படிப்பை விட்ட பையன்களை, படகுக்கு இரண்டு பேராக, மெக்கானிக் பக்கத்தில் நிற்க வைத்தால் போதாதா? டீசல் எஞ்சினைப் பிரிக்கத் தெரிந்தவனுக்குக் கடலில் மீன் இல்லாத நாளிலும் சோறு உண்டு. படகுக்குச் சொந்தக்காரர்களான சம்மாட்டிகள் மனது வைத்தால் இதற்குச் சல்லிக்காசு செலவில்லை.

பெண்பிள்ளைகள் விஷயம் வேறு. முப்பத்தொன்றில் பதினாலு பேர் பெண்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் பாசி எடுக்கப் போன அம்மாக்கள், பிள்ளையை அங்கே கூட்டிப் போகாமல் கூடத்துக்கு அனுப்பினார்கள். என் அம்மாவும் அப்படிப் போனவள்தான், அவள் விரல்களை இன்றைக்கும் பார்க்கலாம். கூடம் பூட்டியதும் பையன்கள் பாலத்துத் திண்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்தத் திண்டும் கிடையாது.

நான் கேட்பது பெரிதல்ல. சாவி வேண்டும். ஏலத்தில் பிடிக்கும் மகமையில் திருவிழாவுக்கு ஒதுக்குவதுபோல் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். சும்மா வேலை செய்கிறவர்கள் கல்யாணம் ஆனதும் நின்றுவிடுவார்கள், எங்களில் ஒருத்தி நின்றுவிட்டாள். கமிட்டிக் கூட்டத்தில் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் இரண்டு பேருக்கு நாற்காலி போட வேண்டும், அதில் ஒன்று பெண்ணுக்கு.

பந்தல் சாமானை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டு காலியாக இருக்கிறது. அப்பாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்பினால் பையன்களே தூக்கி வைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த உங்கள் வீட்டுப் பிள்ளை