அக்காவுக்கு, அம்மாவின் முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு முன்னால்

அக்கா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அழைப்பைப் பார்த்தேன். அம்மா படம் நன்றாக வந்திருக்கிறது. கீழே தேவசெய்தி யார் கொடுக்கிறார் என்று போட்டிருப்பதையும் பார்த்தேன். நான் வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுது, சரி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிடுவேன், அதனால்தான் எழுத்தில். இப்படி நாலு பேர் பார்க்க எழுதுவதற்கு மன்னித்துக்கொள். இன்னும் சில வீடுகளில் நாம் அம்மாவிடம் வாசித்த அதே வசனத்தை வைத்துக்கொண்டு நோயாளியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அவர்கள் கண்ணிலும் இது படட்டும். யார் பெயரையும் எழுதமாட்டேன்.

அந்தச் சாயங்காலம் உனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறதோ. அம்மா அன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். நொய்க்கஞ்சி நாலு கரண்டி இறங்கியிருந்தது. "ஏட்டி, ரெண்டு பேரும் இங்க உட்காருங்க. பீரோவுல மேல்தட்டுல..." என்று ஆரம்பித்தாள். நீ சட்டென்று எழுந்து அவள் வாயில் கையை வைத்தாய். அழுத்தி வைக்கவில்லை, மெதுவாகத்தான். "அதெல்லாம் பேசக் கூடாதும்மா, விசுவாச அறிக்கை பண்ணுங்க" என்று சொல்லி 118ஆம் சங்கீதத்தை எடுத்து, "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்று வாசித்து, அவளையும் சொல்ல வைத்தாய். சொன்னாள். சத்தம் போதவில்லை என்று திரும்பவும் சொல்ல வைத்தாய். அப்புறம் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகில் நைட்டி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது, நான் துண்டை வைத்து ஒற்றி எடுத்தேன். மேல்தட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேச்சே எடுக்கவில்லை. அதில் என்ன இருந்தது, அதனால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்னவெல்லாம் ஆகிவிட்டது என்பது உனக்குத் தெரியும், இங்கே வேண்டாம்.

உன்னைப்போல நான் அம்மாவைப் பார்த்துக்கொள்ளவில்லை, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். படுக்கைப்புண் வந்துவிடக் கூடாது என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தவள் நீ. அவள் தலையை நீ சீவிவிட்ட மாதிரி யாராலும் சீவ முடியாது. வலிக்கு மருந்து கொடுக்க வந்த நர்ஸை, அந்த மருந்து சாகப்போகிறவர்களுக்குத்தான் என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பியதும் நீதான். அன்று ராத்திரி அம்மா பல்லைக் கடித்த சத்தம் பக்கத்து அறை வரைக்கும் கேட்டது.

சாகக்கிடந்த எசேக்கியா ராஜாவுக்குக் கூட்டிக்கொடுத்த 15 வருஷம் இந்தத் தாயாருக்கும் உண்டு என்று, இப்போது தேவசெய்தி கொடுக்க வருகிற அவர்தான் அம்மாமேல் கையை வைத்துச் சொன்னார் இல்லையா, அந்த ஏசாயா 38ஐத்தான் இந்த வருஷம் முழுக்க வாசித்துக்கொண்டிருக்கிறேன். 15 வருஷம் வருவது ஐந்தாம் வசனத்தில். முதல் வசனத்திலேயே ஏசாயா வந்து, உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும், மரித்துப்போவீர் என்று சொல்லிவிடுகிறார். அதையும் கர்த்தர்தான் சொல்லச் சொன்னார். வீட்டுக்காரியத்தைப் பேசினால் அது அவிசுவாசம் என்று அந்த அரண்மனையில் யாரும் ராஜாவின் வாயை அடைக்கவில்லை. அவனும் சுவர்ப்புறமாகத்தான் முகத்தைத் திருப்பினான், ஜெபம்பண்ணுவதற்கு. அம்மா எதற்குத் திரும்பினாள் அக்கா? அதே அதிகாரம் முடிகிற இடத்தில், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னதாக இருக்கிறது. சொன்னவர் வைத்தியர் இல்லை, அந்த ஏசாயாவேதான். முதல் வசனத்தையும் விட்டு, கடைசியில் இருக்கிற மருந்தையும் விட்டு, நடுவில் இருந்த 15ஐ மட்டும் நம் கையில் கொடுத்தார்கள். நாமும் வாங்கிக்கொண்டோம்.

118ஆம் சங்கீதமும் அப்படித்தான். பஸ்கா பண்டிகை ராத்திரியில் 113 முதல் 118 வரை பாடுவது யூதர்களின் வழக்கம். மத்தேயு 26:30இல், கடைசி இராப்போஜனம் முடிந்ததும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடி ஒலிவமலைக்குப் போனார்கள் என்று வருகிறதே, அது இந்தச் சங்கீதங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று வேதத்தைப் படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படியென்றால், "நான் சாவாமல்" என்று பாடிவிட்டுத்தான் ஆண்டவர் கெத்செமனேக்கு நடந்திருக்கிறார். மறுநாள் மரித்தார். அந்த வேதனையிலும் சிலுவையில் இருந்தபடியே தன் தாயை யோவானிடம் ஒப்படைத்தார். யோவான் 19இல் அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் வீட்டுக் கட்டில்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. அவர் பேசி முடிக்கும்வரை அங்கே நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உன் சுயபுத்தியின்மேல் சாயாதே" என்று நீ என்னைப் பார்த்துச் சொன்னாய், அதுவும் நர்ஸுக்கு முன்னால். நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரம். அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே ஞானத்தைச் சம்பாதி, புத்தியையும் சம்பாதி என்று இருக்கிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு, தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று எழுதிய கையோடு, எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதுகிறார். நான் அவர் சொன்னதை அற்பமாக எண்ணவில்லை. 15 வருஷம் என்றபோது உன்னைவிடச் சத்தமாக ஆமென் சொன்னவள் நான். அனனியா என்கிற தீர்க்கதரிசி வந்து, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் திரும்பி வந்து இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னபோது, எரேமியாவும் முதலில், ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றுதானே சொன்னார். அது நடக்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்திருக்கும். ஆனால் சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கடிதம் எழுதும்போது 70 வருஷம் என்றுதான் எழுதினார், அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் என்று. அந்த 70 வருஷத்துக்குப் பக்கத்து வசனத்தைத்தான் நாம் வாக்குத்தத்த அட்டையில் அச்சடித்து பிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

அவ்வளவு உபவாச ஜெபத்திலும் நாம் கேட்டது சுகம் மட்டும்தான். அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்வது, அவளிடம் என்ன பேசுவது, எதை அவளே பேசும்படி விடுவது, இதற்கெல்லாம் ஞானம் தாரும் என்று ஒரு நாளாவது கேட்டோமா? சாலொமோன் நீடித்த நாட்களைக் கேட்கவில்லை, நன்மை தீமையை வகையறுக்க இருதயத்தைக் கேட்டான், அதுதான் ஆண்டவருக்குப் பிரியமாயிருந்தது. யாக்கோபு அதைக் கேட்கச் சொல்லும்போது, கொடுக்கிறவர் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர் என்று சேர்த்துச் சொல்கிறார். இப்போது தினமும் காலையில் எழுந்ததும் நான் கேட்பது அதைத்தான். வசனம் எடுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கண்ணை மூடி எந்தப் பக்கத்தையும் திறப்பதில்லை, ஒரு புஸ்தகத்தை ஆரம்பித்தால் முடிவுவரை வாசிக்கிறேன். ஆமை வேகம்தான். நான் விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று யாராவது உன்னிடம் சொன்னால் இதைக் காட்டு.

அடக்கம் முடிந்த வாரத்து ஜெபத்தில், இந்த வீட்டில் ஓர் அவிசுவாசம் குறுக்கே நின்றது என்று அவர் சொன்னார். என்னைத்தான் சொன்னார் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் புரிந்தது. நீ எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்கு மேல் இங்கே எழுதினால் நாளைக்குக் கோயிலில் உனக்குத்தான் கஷ்டம், விட்டுவிடுகிறேன்.

நம் சபைப் போதகர் ஐயர் வந்து ஜெபம் பண்ணினால் போதும் என்று சொல், அன்றைக்கே பஸ் ஏறிவிடுகிறேன். இல்லையென்றால் சாப்பாட்டுச் செலவில் என் பங்கை அனுப்புகிறேன், திருப்பி அனுப்பாதே.

இன்னும் ஒன்று. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று நான் வீட்டுக்கு வந்துவிட்ட அந்த வாரம், ராத்திரியில் நீ மட்டும் இருக்கும்போது அம்மா ஏதாவது சொல்ல ஆரம்பித்தாளா? நீ தடுத்திருந்தாலும் பாதியாவது காதில் விழுந்திருக்கும். அந்தப் பாதியை எனக்குச் சொல்லு அக்கா. போனில் முடியாது என்றால் எழுதி அனுப்பு.