வெட்டாமல் விட்டவர்களுக்கும் நட்டவர்களுக்கும் நன்றி

வால்பாறை மலையின் சோலைக் காடுகளை மறுபடி வளர்க்கும் வேலையில் இந்தப் பருவம் முழுக்கக் கூட நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

நாற்று நட்டவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது; முதல் நன்றி எஸ்டேட்காரர்களுக்குத்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே தோட்டம் போடத் தொடங்கியபோது மேட்டுநிலத்துக் காடு பெரும்பாலும் போய்விட்டது. தேயிலைக்கு நடுவே தப்பிய துண்டுச் சோலைகளை விறகுக்கும் பலகைக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள். அங்கே நிற்கிற ஒரு பழைய நாங்கு மரம் தன் உடம்பில் பிடித்து வைத்திருக்கிற கரிமத்தை, நாங்கள் நட்ட கன்று சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும். இருவாட்சிப் பறவை கூடு வைக்கப் பொந்து வேண்டுமே, அதற்கும் கிழட்டு மரம்தான் வேண்டும்.

அப்புறம் நாற்றங்கால் அக்காமார். சோலையில் களையாக மண்டும் உண்ணிச்செடியை மேலாக வெட்டிப் போட்டால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும்; வேரோடு பிடுங்க வேண்டும். அதன் அடியில் தானாக முளைத்த விரல் உயர வெடிப்பலாக் கன்றை எங்களில் பாதிப் பேர் மிதித்திருப்போம். "தம்பி, காலை எடு" என்று அதட்டிய குரலால் பிழைத்த கன்றுகள் நிறைய. அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு கொடுத்ததற்கும் சேர்த்து நன்றி.

விதை பொறுக்கித் தந்த பள்ளிப் பிள்ளைகளே, சாலையோரத்தில் விழுந்ததை மட்டும் எடுத்தீர்கள், காட்டுக்குள் கிடந்ததைத் தொடவில்லை. அதுதான் சரி. தாரில் விழுந்தது எப்படியும் முளைக்காது. சோலை மர விதைகளில் பலவற்றை நெல்லைப் போலக் குதிரில் போட்டு வைக்க முடியாது; சீக்கிரமே உயிர் போய்விடும். அன்றைக்கன்றைக்கே கொண்டுவந்து கொடுத்ததால்தான் பைகளில் இத்தனை முளை.

புதுத்தோட்டம் சாலையில் சிங்கவால் குரங்குகள் கடக்கும்போது கைகாட்டி வண்டிகளை நிறுத்தும் காவலர் அண்ணன்களுக்கு நன்றி. ஹாரன் அடித்துத் திட்டிய சுற்றுலாக்காரர்கள் சார்பில் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறோம். பிஸ்கட் பாக்கெட்டை நீட்டியவர்கள் சார்பில் கேட்க மனம் வரவில்லை.

ஒரு விஷயம். நட்ட கன்றுகளுக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷமாவது களை எடுத்தாக வேண்டும். மழை விட்டதும் மறுபடி கூப்பிடுவோம். மண்வெட்டி எங்களிடம் இருக்கிறது, சாப்பாடும் உண்டு. ரப்பர் பூட்ஸ் மட்டும் அவரவர் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
நடவுக் குழுவினர், வால்பாறை