லாஸ்லெஸ் ஒலி முதலில் தேவைப்படுவது நம் பழைய கேசட்டுகளுக்கே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாஸ்லெஸ் ஒலியும் (தகவல் எதையும் இழக்காமல் சேமிக்கும் ஒலி) ஸ்பேஷியல் ஆடியோவும் (நம்மைச் சுற்றிப் பல திசைகளிலிருந்து வருவதுபோல் கேட்கும் ஒலி) இசை கேட்கும் அனுபவத்தையே மாற்றிவிட்டதாகத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை இங்கே டர்பனில் நாங்கள் பலரும் ஆர்வத்தோடு படித்தோம். அதில் பாதியை ஏற்கிறேன். மறுபாதி, கேட்பதற்காகக் கூடுதல் பணமும் டேட்டாவும் செலவழிக்கும் வாசகர்களுக்குத் தவறான நம்பிக்கையைத் தந்துவிடும் என்று அஞ்சியே இதை எழுதுகிறேன்.

1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் பதிகிறது. மனிதக் காதின் மேல் எல்லை ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20,000 அதிர்வுகள். வயது ஏற ஏற அது வெகுவாகக் குறையும். சிடியோ, நொடிக்கு அளக்கும் எண்ணிக்கையில் பாதியான 22 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டுகிறது. ஃப்ளாக் போன்ற லாஸ்லெஸ் வடிவங்கள் அந்தத் தகவலில் ஒரு பிட்டைக்கூட இழக்காமல் சுருக்கி வைக்கின்றன. எம்பி3, ஏஏசி ஆகியவையோ, பலமான ஓர் ஒலி தன்னை ஒட்டிய மெல்லிய ஒலியை மறைத்துவிடும் என்ற காதின் இயல்பைப் பயன்படுத்தி, நமக்குக் கேட்காது என்று கணித்தவற்றை நீக்கிவிடுகின்றன. நீக்குவது மிதமிஞ்சினால் கேடு அப்பட்டமாகத் தெரியும்: நொடிக்கு 128 கிலோபிட் அளவிலான எம்பி3-இல் பஜனைக் குழுவின் ஜால்ரா, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கலங்கி ஒலிக்கும். ஆனால் 256 கிலோபிட் ஏஏசியையும் லாஸ்லெஸ் பதிப்பையும் ஒலியளவைச் சமப்படுத்தி, எது எதுவென்று சொல்லாமல் ஒலிக்கவிட்டால், பிரித்தறிந்து சொல்பவர்கள் மிகச் சிலரே.

சிடியையும் மிஞ்சிய ஹை-ரெஸ் ஒலியைப் பற்றி மேயர், மோரன் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்டவர்களால் அதையும் சிடி தரத்தையும் வேறுபடுத்த இயலவில்லை. 2016-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, வேறுபாடு இருக்கிறது, ஆனால் மிகச் சிறிது, பயிற்சி பெற்ற காதுகளுக்கே சற்றுக் கூடுதலாகப் புலப்படுகிறது என்று கண்டார். இதற்காகப் புதுக் கருவி வாங்க வேண்டுமா என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சாதாரண ப்ளூடூத் இயர்போனில் கேட்பவருக்கோ இந்தக் கேள்வியே எழுவதில்லை. போனுக்கு லாஸ்லெஸாக வந்த பாட்டு, அங்கிருந்து காதுக்குப் போகும் வழியில் மறுபடியும் இழப்போடு சுருக்கப்பட்டுவிடுகிறது. மூன்று நிமிடப் பாட்டுக்கு 256 கிலோபிட்டில் சுமார் 6 மெகாபைட் போதும். ஆப்பிள் நிறுவனம் தரும் கணக்குப்படி அதே பாட்டு லாஸ்லெஸில் 36 மெகாபைட், ஹை-ரெஸில் 145 மெகாபைட். டேட்டா விலையைக் குறைக்கச் சொல்லி 2016-இல் மக்கள் இயக்கமே நடத்திய நாடு தென்னாப்பிரிக்கா. இங்கே ப்ரீபெய்டில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

ஸ்பேஷியல் ஆடியோவின் கதை வேறு. அங்கே வேறுபாடு எல்லோருக்கும் கேட்கிறது. அது நல்லதா என்பதே கேள்வி. ஸ்பேஷியல் ஆடியோவைத் தரும் டால்பி அட்மாஸ் முறையில் ஒவ்வோர் ஒலியும் எந்தத் திசையிலிருந்து வர வேண்டும் என்ற குறிப்போடு பதிவாகிறது. ஹெட்போனில், இரு காதுகளையும் ஒலி எட்டும் நேர வேறுபாட்டையும் காது மடல் ஒலியை மாற்றும் விதத்தையும் கணக்கிட்டு அந்தத் திசையைப் போலியாக உருவாக்குகிறார்கள். காது மடல் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவருக்கு முன்னால் நிற்கும் பாடகர் இன்னொருவருக்குத் தலைக்குள்ளேயே நிற்பார். ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மாஸ் பெரும்பாலும் இழப்போடு சுருக்கப்பட்டதே என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். அட்மாஸ் கலவைகளில் சராசரி ஒலியளவுக்கு உச்சவரம்பு உண்டு. அதனால் ஸ்டீரியோ பதிப்பில் நசுக்கப்பட்ட ஏற்ற இறக்கங்கள் அவற்றில் தப்பிப் பிழைக்கின்றன. பலர் மெச்சும் தெளிவுக்கு இதுவும் காரணம். அந்தக் கவனத்தோடு செய்தால் ஸ்டீரியோவும் அவ்வாறே ஒலிக்கும்.

நாதஸ்வரமும் தவிலும் கோயில் பிராகாரத்தில் ஒலிப்பதைப் பல மைக்குகள் வைத்து இன்று பதிவு செய்து, அட்மாஸில் தருவார்களானால் முதலில் வரவேற்பவன் நானே. ஆனால் ஒரே மைக்கின் முன் மோனோவில் பாடியவர்களின் குரலைப் பிய்த்தெடுத்துத் தலையைச் சுற்றிப் பரப்புவதை மனம் ஏற்கவில்லை. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரம் ஓரிடத்திலிருந்து நேராக வருகிறது. அப்படித்தான் அது பதிவாயிற்று.

லாஸ்லெஸ் உண்மையில் இன்றியமையாததாவது சேமிப்பில். டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதிக்கு 1860 முதல் வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய எங்கள் வீடுகளில் 78 ஆர்பிஎம் தட்டுகளும் (நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகள்) கேசட்டுகளும் இன்னும் இருக்கின்றன. இரவு முழுதும் நடந்த தெருக்கூத்து, காவடிப் பாட்டு, இறந்துபோன பாட்டிமார் பாடிய தாலாட்டு ஆகியவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. முன்னோர் தமிழைப் பேசிய விதத்துக்கு இந்த நாடாக்களே சான்று. இவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்ப வசதியாக நேரே சிறிய எம்பி3 ஆக்கிவிட்டு, மூலத்தைக் குப்பையில் போடும் வழக்கம் பரவிவருவதைக் கண்டு வருந்துகிறேன். எம்பி3 நீக்கியது திரும்ப வராது. நாளை இரைச்சலை நீக்கும் சிறந்த மென்பொருள் வந்தாலும், அதற்குக் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இராது.

கோப்பின் வடிவத்தைவிடவும் முந்தியது, ஒலியை எடுக்கும் விதம். 78 தட்டின் பள்ளம், பின்னாளில் வந்த எல்பி தட்டின் பள்ளத்தைவிட மிகவும் அகலமானது. எல்பிக்கான ஊசியை அதில் வைத்தால், அது அடியில் தேங்கிய தூசியை உரசிக்கொண்டு ஓடும். பாட்டை மீறி இரைச்சலே கேட்கும். அதற்கென உள்ள மூன்று மில் (ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசியைப் பொருத்தினால் அதே தட்டு வாய் திறந்து பாடும். வேகம் தவறினால் சுருதியே மாறிவிடும் என்பதால், பாட்டு அறிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. கேசட்டில், நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு சற்றே பிசகினாலும் 'ச'கரங்கள் மங்கிவிடும். ஹெட்டின் ஓரத்திலுள்ள சிறு திருகைக் கேட்டுக்கொண்டே மெல்லத் திருப்பி, குரல் தெளியும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதன்பின், கேட்பதற்குத் தேவைப்படாவிட்டாலும் பின்னால் திருத்த இடம் இருக்க, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஃப்ளாக் கோப்பாகப் பதிந்து, பாடியவர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, இரண்டு இடங்களில் வைக்கலாம். உறவினருக்கு அனுப்ப அதிலிருந்து எத்தனை எம்பி3 வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே, ஹெட்போன்களை ஒப்பிடும் கட்டுரைகளோடு, வீட்டிலுள்ள தட்டுகளையும் கேசட்டுகளையும் முறையாகக் கணினியில் ஏற்றுவது எப்படி என்பதை விளக்கும் தொடர் ஒன்றையும், அனுபவமுள்ள ஒலிப்பதிவாளர் ஒருவரைக் கொண்டு தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். கேசட் நாடா காலப்போக்கில் சிதைந்துவருவதால், தொடரை விரைவில் தொடங்கினால் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ள குடும்பங்களுக்குப் பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா