எந்த குரூப்பில் சேர்ப்பது?

உடுமலைப்பேட்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மூத்தவளுக்குப் பெண் குழந்தை பிறந்த சேதியைப் படித்ததும் கடைப் பையன்களுக்கெல்லாம் லட்டு வாங்கிக் கொடுத்தேன். உடனே பதில் போட முடியவில்லை. கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கி, மோட்டார்கள் வறண்டு ஓடி, உள்ளே சுற்றிய கம்பிச் சுருளான காயில் கருகிக் கருகி, புதிதாகச் சுற்றித் தரச் சொல்லி என் கடைக்கு வருகின்றன. ராத்திரி பத்து மணி வரை வேலை.

இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. தங்கச்சி மகன் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டான். மார்க் சுமார்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அவனோ லீவு விட்டால் என் கடையில்தான் கிடக்கிறான். போன வாரம் ஓர் அரை ஹெச்பி மோட்டாரை அவனிடமே விட்டேன். கரண்ட் கசியாமல் தடுக்கும் லெதராய்டு பேப்பரை, கம்பி உட்காரும் பள்ளமான ஸ்லாட்டுக்கு அளவாக வெட்டி மடித்துச் செருகினான். கம்பியைச் சுற்றும்போது உதடு அசைய எண்ணிக்கொண்டே இருந்தான். நடுவில் நான் ஏதோ கேட்டுவிட்டேன். எண்ணிக்கை தவறியதோ என்று சந்தேகம் வந்ததும், சுற்றியதை முழுக்க அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் சார் பிராக்டிகலில் சந்தேகமான காயிலைப் பேசாமல் கட்டரால் வெட்டிப் போடுவாரே, நினைவிருக்கிறதா? இவன் தன் காயிலைத் தானே வெட்டிக்கொள்கிறவன்.

சரி, பிளஸ் டூ தொழிற்பிரிவில் நாம் படித்த எலக்ட்ரிகல் மெஷின்ஸ் குரூப்பிலேயே சேர்த்துவிடலாம் என்று அவனைக் கூட்டிக்கொண்டு நம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போது பாடத்துக்கு அடிப்படை மின் பொறியியல் என்று பெயர். ஆனால் அங்கே அந்தப் பிரிவே இல்லை. கடைசி ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு வேறு ஆள் போடவில்லை, பிரிவை மூடிவிட்டோம் என்றார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இரும்பைக் கவ்விப் பிடிக்க வைத்து நாம் அரம் போட்ட வைஸ் துருப்பிடித்து நிற்கிறது. அதன் மேல் பழைய விடைத்தாள் கட்டுகள். மனசு கேட்கவில்லையப்பா.

தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. நாம் சேர்ந்த 1986-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 விழுக்காடு, 1995-க்குள் 25 விழுக்காடு பேரைத் தொழிற்பிரிவுக்குக் கொண்டுவரப் போவதாகச் சொன்னது. அதே ஆண்டுதான் தொழிற்சாலைப் பயிற்சிக்கான அப்ரண்டிஸ் சட்டத்தைத் திருத்தி, பிளஸ் டூ தொழிற்பிரிவு முடித்தவர்களையும் அதில் சேர்த்தார்கள். நீ அம்பத்தூருக்கு அப்ரண்டிஸாகப் போனாயே, அது அந்தத் திருத்தம் திறந்துவிட்ட கதவுதான். அந்த 25 விழுக்காட்டை எட்டவேயில்லை. பையன்களுக்கு விருப்பமில்லை என்கிறார்கள். ஆசிரியர் இல்லாத, மெஷின் ஓடாத வகுப்பில் யாருக்கு விருப்பம் வரும்? மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடமாகவே அதை வைத்திருந்தார்கள். 'தொழிற்பிரிவா?' என்று நம்மைக் கேட்ட தொனி இன்னும் என் காதில் இருக்கிறது.

தங்கச்சிக்குப் பயம், இதில் சேர்ந்தால் மேலே படிக்க வழியே இல்லை என்று. வழி இருக்கிறது. பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். பி.இ.-க்கும் தொழிற்பிரிவு மாணவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். கணக்கில் அடித்தளம் இல்லாமல் பி.இ. போனால் முதல் வருஷமே திணறிப்போவான். அதனால் இந்த இரண்டு வருஷமும் கணக்குக்குத் தனியாக மெனக்கெட வேண்டும். சாயங்காலம் நான் உட்கார்த்தி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கரண்ட், வோல்டேஜ் என்று சொன்னால் அவனுக்குக் கணக்கு ஏறுகிறது, வெறும் எக்ஸ், ஒய் என்றால்தான் மலைக்கிறான்.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் பிரிவு இன்னும் இருக்கிறது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆசிரியர் இருக்கிறார், மோட்டார் ஓடுகிறது, ஒர்க்‌ஷாப்பில் வார்னிஷ் வாசனை அடித்தது. அது போதும் எனக்கு.

ஒரு உதவி செய். நான் சொன்னால் 'அண்ணன் கடைக்கு ஆள் பிடிக்கிறது' என்று தங்கச்சி நினைக்கிறாள். நீ டிப்ளமா முடித்து, ஃபோர்மேனாகி, பிள்ளைகளைப் படிக்கவைத்தவன். உன் பேச்சுக்கு அவளிடம் மரியாதை உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்கு ஒரு போன் போடு. திங்கட்கிழமை அட்மிஷன். பையன் இப்போதே டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரிகிறான்.

பேத்திக்கு என் ஆசிகள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்