300 நாள் கணக்கு

பாளையங்கோட்டை,
20.7.2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்றுத் தொலைபேசியில் நீ அழுததால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க இயலவில்லை. உன் பேச்சு நோயாளிகளுக்குப் புரியாது என்று கூறி, உனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் பொறுப்புச் செவிலியர் பதவியைக் கொடுத்ததாக மார்ச் 3ஆம் தேதி உனக்குத் தெரிவித்தார்கள். மருத்துவமனைக்குள் செய்த மேல்முறையீட்டுக்குப் பதில் வந்த பிறகு பார்க்கலாம் என்கிறாய். அந்தப் பதிலுக்காகக் காத்திருக்காதே, அம்மா.

நீதிமன்றச் சிரஸ்தாராக இருந்த காலத்தில், நியாயமெல்லாம் தம் பக்கம் இருந்தும் கெடு தாண்டி வந்து நின்றவர்களைப் பார்த்தவன் நான். இங்கே தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனுவாவது போடலாம். அங்கே அமெரிக்காவில் அதை நம்பி இருக்க முடியாது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டப்படி நேரே நீதிமன்றம் போக வழியில்லை. முதலில், வேலையில் காட்டும் பாகுபாட்டை விசாரிக்கும் இ.இ.ஓ.சி. ஆணையத்தில் புகார் பதிய வேண்டும். டெக்சாஸில் அதற்கு 300 நாள், மாநிலச் சட்டமும் துணைக்கு வேண்டுமானால் 180 நாள். உள் மேல்முறையீடு இந்தக் கணக்கை நிறுத்தாது. பிறந்த நாட்டைக் காரணமாக்கி ஒதுக்கினார்கள் என்று முறையிட்ட லைபீரியப் பேராசிரியர் ரிக்ஸின் வழக்கில், முடிவைத் தெரிவித்த நாளிலிருந்தே காலம் ஓடும் என்று 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புகாரில் என்ன எழுதுகிறாய் என்பது அதைவிட முக்கியம். உங்கள் ஹூஸ்டனுக்குப் பக்கத்து ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் வேலை பார்த்த லோயிஸ் டேவிஸ், ஆணையத்தின் விசாரணைப் படிவத்தில் 'மதம்' என்று கையால் எழுதினார். முறையான புகாரில் அதைச் சேர்க்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அச்சொல் புகாரில் இல்லை என்ற ஆட்சேபத்தை எதிர்த்தரப்பு பல ஆண்டுகள் எழுப்பாமல் விட்டதால்தான் 2019இல் அவர் தப்பினார். உன் எதிர்த்தரப்பும் அப்படித் தூங்கும் என்று எண்ணாதே. பிறந்த நாடு, இனம் இரண்டையும் குறிப்பிடு; முறையிட்ட பிறகு உன்னை இரவுப் பணிக்குத் தள்ளியதைப் பழிவாங்கல் என்று தனியே, அதற்குரிய தேதியோடு எழுது.

வழக்குத் தொடரலாம் என்று ஆணையம் கடிதம் கொடுத்தால், அதன்பின் 90 நாள்தான். வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாள்களில், நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் போக வேண்டும் என்ற மத்தியஸ்த ஒப்பந்தம் உண்டா என்பதையும் வழக்கறிஞரிடம் காட்டிக் கேள்.

எண்ணிப் பார்த்தேன்: 180ஆம் நாள் ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. நீ 29ஐயே கடைசி நாளாகக் கொள்.

அன்புடன்,
அப்பா